குழிக்குள் விழுந்தவரைக் காப்பாற்ற யாரும் இறங்கக் கூடாது

2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியவில் அமைந்திருந்த இறப்பர் தொழிற்சாலை ஒன்றில் ஐவர் உயிரிழந்தனர். அமோனியா இருந்த தாங்கியினுள் தொழிலாளி ஒருவர் விழ, அவரைக் காப்பாற்ற முயன்றவர்களும் பலியாகினர்.

காப்பாற்றச் சென்றவர்களைக் கவனயீனமானவர்கள் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. கூட வேலை செய்பவன் கண்முன்னே துடிக்கும்போது கால் தானாகவே முன்னே போகும். அந்தக் காலைத் தடுத்து நிறுத்தவே பயிற்சி தேவைப்படுகிறது. மூடிய இடங்களில் இறப்போரில் 60 சதவீதத்திற்கும் அதிகமானோர் காப்பாற்றச் சென்றவர்களே என அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவகம் 1986 இலேயே எச்சரித்திருந்தது.

"இது பெரிய தொழிற்சாலைகளின் பிரச்சினை, நமது கடைக்கு என்ன?" என்று எமது முதலாளிமார் கேட்கலாம். ஹோட்டலின் பின்புறத்தில் மலசலகூடக் குழி இருக்கிறதல்லவா? அதில் அழுகிய முட்டை போல மணப்பது ஐதரசன் சல்பைட்டு வாயு. அதன் செறிவு கூடும்போது மூக்கு மரத்துப் போய்விடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று தொழிலாளி ஆறுதலடையும் நேரமே மிக ஆபத்தான நேரம். கிணற்றுக்குள் நீர்ப்பம்பியை இறக்கி இயக்கினால் அதன் புகையிலுள்ள காபன் மொனொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இந்த நச்சு வாயுக்களைக் காட்டாது. மலக்குழியிலோ எரிவாயு தீப்பற்றி வெடிக்கவும் கூடும்.

இவற்றை ஒரு கூட்டம் வைத்துச் சொல்லிவிட்டால் போதாது. ஊழியர்களை அந்தக் குழியருகே அழைத்துச் செல்லுங்கள். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் என்ன செய்வார் எனக் கேளுங்கள். அநேகமாக எல்லோரும் "இறங்குவேன்" என்றே சொல்வார்கள். அங்கிருந்துதான் பாடம் ஆரம்பிக்கிறது. யாரும் இறங்குவதில்லை, 110 இல் தீயணைப்புப் படைக்கும் 1990 இல் அம்பியூலன்ஸுக்கும் அறிவிப்பது, வெளியிலிருந்தே தூக்குவது. வெளியிலிருந்து தூக்க வேண்டுமாயின், இறங்குவதற்கு முன்னரே கயிறு கட்டியிருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால் மயங்கியவர் மடிந்து தொங்குவார். தோளையும் தொடையையும் சுற்றிவரும் பட்டியே பொருத்தமானது. மேலே நிற்பவருக்குக் கவனித்திருப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது. தேநீர் வாங்கி வரவும் அனுப்பாதீர்கள்.

உண்மையில் மலக்குழிக்குக் கடைப் பையனை இறக்குவதை விட, கழிவகற்றும் பவுசரை அழைப்பதே மேல். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தச் சட்டத்திலும் இடமில்லை.

2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகம் இத்துறையில் பயிற்சிகளை நடத்துகிறது. பொறுப்பான ஊழியர் ஒருவரையாவது அனுப்பலாம். திரும்பி வந்து அவர் ஏனையோருக்குக் கற்பிக்கும்போது, சிங்களம் மட்டும் தெரிந்தவருக்குச் சிங்களத்திலும் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழிலும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே, வேலையில் கை வைக்கும் முன்னர், அந்தக் குழியைக் காட்டிவிட வேண்டும்.