உப்பு நீரும் உழவர் நிலமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் அதே உப்பு வயலில் மிகுந்தால் பண்டமே விளையாது. இவ்வுண்மையை இவ்வாண்டு நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் வயல் நாகப்பட்டினம் கடற்கரையை அடுத்துள்ளது. அங்குள்ள ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் ஆழமாக்கிய பின் நீர் கரிக்கத் தொடங்கியது. நாற்றுகளின் நுனி கருகியது. வரப்போரம் வெள்ளை பூத்தது. "தண்ணீர் நிறையப் பாய்ச்சியும் பயிர் ஏன் வாடுகிறது?" என்று அவள் கேட்டாள். விடை காண நாங்கள் ஒரு சோதனை செய்தோம்.

சோதனை

இரண்டு மண் சட்டிகளில் பச்சைப்பயறு விதைத்தோம். ஒன்றுக்கு நல்ல நீரும், மற்றதற்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்த நீரும் ஊற்றினோம். முதற் சட்டியில் மூன்றாம் நாளே முளை கண்டது. இரண்டாவதில் சில விதைகளே பிந்தி முளைத்தன. அவற்றின் இலை ஓரங்களும் தீய்ந்தன. மண்ணைத் தொட்டால் ஈரம். செடியோ வாடி நின்றது!

காரணம்

சவ்வூடு பரவலை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். வேரின் உட்சாறு மண்ணிலுள்ள நீரைவிடச் செறிவாக இருப்பதால்தான் நீர் வேருக்குள் செல்கிறது. மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. நீர் நடுவே நின்றும் செடி தாகத்தால் வாடுகிறது. மேலும் சோடியமும் குளோரைடும் இலைகளில் சேர்ந்து அவற்றைக் கருக்குகின்றன.

மண்ணும் கெடுகிறது. சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. நீர் கீழே இறங்காது. காய்ந்தால் மண் இறுகிவிடும். இதுவே களர் நிலம்.

ஒரு கணக்கு

1 ஏக்கரில் 5 செ.மீ. உயரம் நீர் கட்ட ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் உப்பே இருந்தாலும் வயலில் 200 கிலோ உப்பு சேரும். பத்து முறை பாய்ச்சினால் 2 டன்! நீர் ஆவியாகிவிடும்; உப்பு தங்கிவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் எங்கள் மாவட்ட வயல்களில் கடல் நீர் புகுந்தது. பின்னர் பெய்த பருவமழை பல வயல்களின் உப்பைக் கழுவியது. ஆனால் கிணற்று உப்போ ஒவ்வொரு பாசனத்திலும் மீண்டும் வருகிறது. கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல நீர் மேலும், கனமான உப்பு நீர் கீழும் உள்ளன. நல்ல நீரின் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் உப்பு நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறக்கூடும். கிணற்றை ஆழமாக்கியதன் விளைவு இப்போது விளங்குகிறதல்லவா?

செய்ய வேண்டியவை

1. விதைக்கும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதிக்க வேண்டும்.

2. வரப்பை உயர்த்தி, மழை நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும். வடிகால் மிக அவசியம்.

3. களர் நிலத்தில் ஜிப்சம் இட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும் நன்று.

4. நிலத்திற்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பருத்தி உப்பை ஓரளவு தாங்கும், அவரை தாங்காது. களர் நிலத்திற்குத் 'திருச்சி 1' நெல் ஏற்றது.

5. குளங்களைத் தூர்வாரி நிலத்தடி நீரைப் பெருக்க வேண்டும்.

எங்கள் தோழியின் வயலில் இவ்வாண்டு நெல் இல்லை, தக்கைப்பூண்டே நிற்கிறது. அவளுடைய தந்தையார் மழைக்குக் காத்திருக்கிறார், நாங்களும் காத்திருக்கிறோம். நீரை அளவோடு இறைத்து நம் நிலத்தைக் காப்போமாக!