பதினாறு முதல் பத்தொன்பது வரை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் கோயில் ஒன்றில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு எடுத்து வருகிறேன். தேவாரம் முடிந்த கையோடு பிள்ளைகள் பேசுவது ஓட்டத்தைப் பற்றித்தான். அதனால் இந்த மாதப் பாடத்தை உலக இளையோர் திடல்தடப் போட்டியைப் பற்றியே வைத்துக்கொண்டேன்.

காரணம் உண்டு. வகுப்பில் நான்காம் படிவம் படிக்கும் ஒரு தங்கை 800 மீட்டர் ஓடுகிறாள். மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள். "அடுத்த வருஷம் எஸ்.பி.எம்., ஓடுனது போதும்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். தோட்டத்தில் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற மனுஷர், ஓட்டம் சோறு போடுமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அவருக்கு யாரும் சொல்லாத வயசுக் கணக்கு ஒன்று இருக்கிறது.

20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி 1986இல் ஏதென்ஸில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது வழக்கம். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதி, ஓடுபவருக்கு 16 முதல் 19 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு இருவர்தான் போகலாம். தகுதி அளவையும் தொட்டிருக்க வேண்டும். நான்கு வருஷ இடைவெளி, இரண்டு வருஷத்துக்கு ஒரு போட்டி. ஆக, ஒருவருக்கு வாழ்நாளில் சாதாரணமாக இரண்டே வாய்ப்பு. எஸ்.பி.எம். எழுதும் 17 வயசு இதுக்கு நட்டநடுவுல வருது பாருங்க. அப்போது நிறுத்தினால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு இடமே இல்லை.

படிப்பும் ஓட்டமும் சேராது என்பவர்களுக்கு நான் மணி ஜெகதீசனைக் காட்டுவேன். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடியபோது அவருக்கு வயது 16. அந்தக் காலத்தில் இளையோர் உலகப் போட்டி கிடையாது. பையன் நேராகப் பெரியவர்களோடு நின்றான். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். இதற்கு நடுவே மருத்துவமும் படித்தார். "பறக்கும் டாக்டர்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அசையவில்லை.

இனி இந்தத் தலைமுறைக்கு வருவோம். 2022 ஆகஸ்ட், கொலம்பியாவின் காலி நகரம். மதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன் செல்வ பிரபு திருமாறன் மும்முறைத் தாண்டுதலில் நின்றார். வயது 17. இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓடி வந்து பலகையை மிதிக்கும் காலிலேயே முதலில் இறங்க வேண்டும், அடுத்தது மறு காலில், மூன்றாவதுதான் மணல். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடம்பின் எடையைப் போல் பல மடங்கு பாரம் ஒரே காலில் விழுகிறது. முதல் தாண்டலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் மூன்றாவதற்குக் கால் எழாது.

ஜமைக்காவின் ஜேடன் ஹிபர்ட் 17.27 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். செல்வ பிரபு 16.15, வெள்ளி. மூன்றாவதாக வந்த எஸ்தோனியாக்காரர் 16.13. அதாவது தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஒரு மீட்டருக்கு மேல் தூரம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் கட்டை விரல் அகலம். பத்திரிகைகள் வெள்ளியைக் கொண்டாடின. எனக்குப் பெரிசாகப் பட்டது அடுத்து நடந்தது. 2023இல் கிரீஸில் அவர் தாண்டியது 16.78. ஒரு வருஷத்துக்குள் 63 சென்டிமீட்டர்! ஹிபர்ட்டைப் பார்த்து மலைத்து உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்காது.

அதே காலி போட்டியில் நம் நாட்டு அசீம் ஃபாமியும் இருந்தார். 100 மீட்டர் தகுதிச் சுற்றில் 10.09 விநாடி. பெரியவர்கள் வைத்திருந்த 10.18 என்ற தேசிய சாதனையை ஒரு 18 வயசுப் பையன் உடைத்தான். பதக்கம் கிடைக்கவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சின்னப் பையன், "அப்ப தோத்துட்டாரா, அண்ணா?" என்று கேட்டான். ஞானப்பழக் கதையைத்தான் அவனிடம் திருப்பிக் கேட்டேன். அந்தக் கதையில் எல்லாரும் பிள்ளையாரின் புத்தியைப் பேசுவோம், சரி. ஆனால் உலகை நிஜமாகச் சுற்றி வந்தது யார்? பாதியில் மயிலைத் திருப்பினாரா முருகன்? பழம் கிடைக்காமல் வந்து நின்ற மலைதான் பழனி. அங்கேதான் இன்றும் கூட்டம். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மயிலுக்குக் கால் வலிச்சிருக்கும்ல?" என்றான். அவனும் ஓடுகிறவன்தான்.

"நம்ம மலையில சமதரையே இல்லையே, எங்க ஓடுறது?" என்றும் கேட்கிறார்கள். கென்யாவின் கெரிச்சோவும் தேயிலை மலைதான். அந்த ஊர்க்காரர் வில்சன் கிப்ருகுட் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் வெண்கலம் வென்றார். கென்யாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே டோக்கியோவில் மலேசியாவுக்காக ஓடியவர் எம். ராஜாமணி. நம் மலையை விட்டு இறங்கினால் வரும் தாப்பாவில் பிறந்தவர். இரண்டு வருஷம் கழித்துப் பேங்காக்கில் 400 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். கெரிச்சோ நம்மைவிட உயரம். நம் 1,400, 1,500 மீட்டர் மலைக்காற்று மட்டுமே யாரையும் வீரராக்கிவிடாது. மேடேறி ஓடினால் கால் பலப்படும், அவ்வளவுதான். வேகத்தைக் கற்கத் தடம் வேண்டும், பயிற்றுநர் வேண்டும், கீழே போய் வரப் பஸ் காசு வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு நம் இளைஞர் கிளைகள் உண்டியல் குலுக்கலாம். பரிசுக் கோப்பை வாங்கும் செலவில் பாதி போதும்.

அந்தத் தங்கையின் அப்பாவிடம் இவ்வளவையும் சொன்னேன். ஜெகதீசன் டாக்டர் ஆன கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார். "பரீட்சைக்கு மூணு மாசத்துக்கு முன்னாடி நிறுத்திடணும், அதுவரைக்கும் ஓடட்டும்" என்றார். எனக்கு அது போதும்.

வகுப்பு எடுக்கும் அண்ணன்மார், அக்காமார்களுக்கு: பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுத்துப் பிறந்த ஆண்டை எழுதச் சொல்லுங்கள். 2026 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடக்கும் போட்டிக்கு உரியவர்கள் 2007 முதல் 2010 வரை பிறந்தவர்கள். 2028க்கு 2009 முதல் 2012 வரை. பக்கத்தில் தங்களின் இப்போதைய நேரத்தையோ தூரத்தையோ எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அதே தாளை எடுத்து, பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதச் சொல்லுங்கள்.