ஜெனரேட்டர் தள்ளுவண்டிக்குக் காற்று வீல்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு லாரியிலிருந்து இறக்குவது பெரிய வேலை இல்லை. இறக்கிய இடத்திலிருந்து பந்தலின் பின்பக்கம் வரை தள்ளிப்போவதில்தான் நாலு பேருக்கு மூச்சு வாங்குகிறது. வண்டிக்கு அடியில் மாட்டியிருக்கும் சின்ன நைலான் வீல்தான் பெரும்பாலும் காரணம். மணலில் அது புதைகிறது. கல் பாவிய தரையின் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. மேடுபள்ளத்தின் ஒவ்வொரு அடியையும் எஞ்சினுக்கே ஏற்றி போல்ட்டுகளைத் தளர்த்துகிறது. இப்படிப்பட்ட வண்டிக்குக் காற்று டயர் போட்ட காஸ்டர் வீல்தான் சரி. கம்ப்ரஸர், வெல்டிங் செட், கேஸ் சிலிண்டர் வண்டி என்று வெளித்தரையில் உருளும் எதற்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் கடைக்குப் போய் “பெரிசா நாலு வீல் குடுங்க” என்று கேட்டால், கடைக்காரரிடம் அன்று எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.

முதலில் தரை

எடையை விட்டுவிட்டுத் தரையிலிருந்து தொடங்குங்கள். வண்டி வருஷம் முழுக்க வழவழப்பான சிமென்ட் தளத்திலோ டைல்ஸ் தரையிலோதான் ஓடப்போகிறது என்றால் காற்று வீல் வேண்டவே வேண்டாம். பாரம் ஏறியதும் டயர் அமுங்கும். அமுங்கிய டயரை உருட்டக் கூடுதல் பலம் தேவைப்படும். அங்கே பாலியூரித்தேன் வீல் லேசாக ஓடும், விலையும் நியாயமாக இருக்கும். செம்மண், ஜல்லி, பேவர் பிளாக், கல்தளம், புல்தரை, வாசற்படி என்று தரை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில்தான் காற்று டயருக்குக் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

தரையில் என்ன கிடக்கிறது என்பதையும் பாருங்கள். பந்தல் போடும் இடத்தில் ஆணி சிந்தியிருக்கும். கிராமத்துத் திடலில் சீமைக்கருவேல முள் இல்லாத மூலை இல்லை. லேத் பட்டறை வாசலில் இரும்புச் சுருள் கிடக்கும். பஞ்சர் ஒட்ட ஆள் கிடைக்காத நேரத்தில் வேலை செய்கிறவர்கள், பஞ்சராகாத பாலியூரித்தேன் நுரை டயரை யோசிக்கலாம். பார்க்கக் காற்று டயர் மாதிரியே இருக்கும்; குலுக்கல் சற்று கூடும்; தரைக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி போய்விடும். மாதம் ஒருமுறைகூடக் காற்றுப் பார்க்க ஆளில்லாத இடத்துக்கும் அதையே சொல்வேன். காற்று இறங்கிய டயர் நைலான் வீலைவிட மோசம்.

பாரத்தை மூன்றால் வகுங்கள்

நாலு வீல் வண்டி என்றால் பாரத்தை நாலால் வகுப்பதுதான் வழக்கம். அது தவறு. மேடுபள்ளத்தில் ஒரு வீல் தரையைத் தொடாமல் நிற்கும். மொத்தப் பாரத்தையும் மீதி மூன்றுதான் சுமக்கும். அதனால் மூன்றால் வகுக்க வேண்டும்.

ஜெனரேட்டர் 180 கிலோ, இரும்புச் சட்டம் 60 கிலோ, கேபிளும் டீசல் கேனும் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 270. மூன்றால் வகுத்தால் வீலுக்கு 90 கிலோ. பள்ளத்தில் ‘டொக்’கென்று இறங்கும்போது பாரம் ஒரு கணம் இன்னும் ஏறும் என்பதால் அதன் மேல் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 135. ஆக, ஒவ்வொரு வீலும் 150 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். இந்தத் தாங்கு எடையெல்லாம் ஆள் நடந்து தள்ளும் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 4 கிலோமீட்டர் அளவுக்குச் சொல்லப்படுவது. வண்டியை டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தால் அந்தக் கணக்கு செல்லாது.

டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படியுங்கள்

4.00-8 என்றிருந்தால் டயரின் அகலம் 4 அங்குலம், ரிம் 8 அங்குலம். மொத்த உயரம் சுமார் 16 அங்குலம். சித்தாள் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் பார்ப்பது பெரும்பாலும் இந்த அளவு. காஸ்டரில் அதிகம் வருவது 4.10/3.50-4. ரிம் 4 அங்குலம், டயரின் உயரம் பத்து, பத்தரை அங்குலம். ஜெனரேட்டர் வண்டிக்கு இதுவே போதும். கூடவே 2PR, 4PR என்று ஓர் எழுத்து இருக்கும். டயரின் உள்துணி பலத்தைச் சொல்வது அது. நம் கணக்குக்கு 4PR வாங்குங்கள். 2PR தோட்டத்துக் குப்பை வண்டிக்கு ஆகும்.

எத்தனை பி.எஸ்.ஐ. காற்றுக்கு எவ்வளவு பாரம் என்பதும் பல டயர்களில் அச்சாகியிருக்கும். இதைத்தான் யாரும் படிப்பதில்லை. பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு ரப்பருக்கு இல்லை, உள்ளே இருக்கும் காற்றுக்குத்தான். 90 கிலோ ஏறிய டயரில் 30 பி.எஸ்.ஐ. இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 43 சதுர செ.மீ. 50 பி.எஸ்.ஐ. வைத்தால் 26 சதுர செ.மீ.தான். பரப்பு கூடினால் மணலில் புதையாது; குறைந்தால் கெட்டித் தரையில் லேசாக ஓடும். ஆகவே கடற்கரை மணலுக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்குவதும், தார் ரோட்டுக்கு ஏற்றுவதும் நியாயமே. ஆனால் அந்தப் பாரத்துக்கு டயரில் போட்டிருக்கும் அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு ரொம்ப தூரம் தள்ளினால் டயரின் பக்கவாட்டு மடிந்து கிழியும், ட்யூப் நகர்ந்து வால்வின் அடியில் அறுந்துபோகும்.

திரும்பும் வீல் இரண்டு, நேர் வீல் இரண்டு

நாலும் திரும்பும் வீலாக இருந்தால் குறுகலான இடத்தில் வசதி. சரிவான ரோட்டிலோ வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். வெளித்தரைக்கு முன்னால் இரண்டு நேர் வீல், கைப்பிடிப் பக்கம் இரண்டு திரும்பும் வீல் என்று வையுங்கள்.

பட்டறையில் சட்டத்தை வெல்டு வைக்கும் முன் வீலைக் கையில் வாங்கிவிடுங்கள். திரும்பும் வீல் தன் நட்ட நடுவில் சுழலாது. சற்று விலகி ஒரு வட்டம் போடும். 10 அங்குல டயரும் 2 அங்குல விலகலும் என்றால், மேலே இருக்கும் பிளேட்டின் மையத்திலிருந்து 7 அங்குலம் வரை எந்தப் பக்கமும் காலியாக வேண்டும். இல்லையென்றால் சட்டத்தில் உரசி டயர் தேயும். தட்டு தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெனரேட்டருக்கு எடையெல்லாம் மேலே இருப்பதால், வீல்களைத் தட்டுக்கு வெளியே தள்ளி வைத்துத் தட்டை அவற்றுக்கு இடையே கீழே இறக்குவது நல்லது. எஞ்சின் ஓடும்போது வண்டி காற்று டயரிலேயே நின்றால் அதிர்ந்து அதிர்ந்து நகரும். நாலு மூலையிலும் இறக்கி நிறுத்தும் ஜாக்கிக் கால் வைத்துவிடுங்கள்.

கடையில் கையால் பார்க்க வேண்டியவை

பேரிங் இருக்கிறதா, வெறும் புஷ்ஷா என்று கேளுங்கள். வெளித்தரைக்கு ரோலர் பேரிங்கும் கிரீஸ் நிப்பிளும் இருக்கட்டும். ரிம் இரும்பாக இருக்கட்டும். வால்வு ஃபோர்க்குக்கும் ரிம்முக்கும் நடுவே ஒளிந்திருந்தால் பம்பின் வாய் உள்ளே நுழையாது; உங்கள் பம்பைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். டயரை அழுத்திப் பிடிக்கும் வகை பிரேக், காற்று குறைந்தால் பிடிக்காது. பிரேக் இருந்தாலும் சரிவில் நிறுத்தும்போது வீலுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள்.

காற்று அடிக்கும்போது

இந்தச் சின்ன டயருக்குப் பெட்ரோல் பங்க் ஹோஸைப் பிடிக்காதீர்கள். உள்ளே கொள்ளும் காற்று மிகக் குறைவு. இரண்டு நொடி அதிகமானாலும் அளவு எங்கோ போய்விடும். கால் பம்பும் ஒரு கேஜும் போதும். நாலு டயரிலும் ஒரே அளவு வையுங்கள். ஒன்று குறைந்தால் அந்த மூலை தாழ்ந்து வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

கடைசியாக ஒன்று, இதைப் பட்டறைப் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள். பல காஸ்டர் ரிம்கள் இரண்டு பாதியாக வந்து போல்ட்டால் சேர்ந்தவை. பஞ்சர் பார்க்கும்போது வால்வுப் பின்னைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கியதைக் கையால் அமுக்கிப் பார்த்த பிறகே அந்த போல்ட்டில் ஸ்பானரை வைக்க வேண்டும். காற்றோடு திறந்தால் ரிம்மின் பாதி முகத்தில் வந்து அடிக்கும்.