கம்பியில்லாக் காவல்

ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் பழைய கடைவீடு ஒன்றில் என் பாட்டி தனியே வாழ்கிறார். அவருக்காகவே உணர்கருவிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அவ்வட்டாரம் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுவரை விருப்பம்போல் குடைந்து கம்பி இழுக்க முடியாது. கம்பியில்லாக் கருவியே பொருத்தம்.

கதவுக் கருவி எளிது. கதவோடு காந்தம் விலகியதும் உள்ளிருக்கும் உலோக இதழ்கள் நிலைமாறும். கசிவுக் கருவியின் இரு உலோக முனைகளை நீர் இணைத்தால் மின்னோட்டம் பாயும்.

நடமாட்டக் கருவிதான் நம்மூரில் திணறுகிறது. அது ஆளைப் பார்ப்பதில்லை. உடலின் அகச்சிவப்புக் கதிருக்கும் பின்னாலுள்ள சுவரின் கதிருக்கும் உள்ள வேறுபாடு நகர்வதையே உணர்கிறது. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 பாகை. பினாங்கின் பிற்பகலில் ஓட்டுக்கூரைக்குக் கீழுள்ள மாடியறையும் அவ்வெப்பத்தை நெருங்கிவிடும். வேறுபாடு குறையும், பாட்டி நடந்தாலும் கருவி உறங்கும். (குளிர்நாட்டுப் பெட்டியில் அச்சிட்ட தூரத்தை நம்பாதீர்கள்!) அது நேரே வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்கு உணரும். ஆகவே, கீழ்த்தளத்து நடைவழியின் பக்கச்சுவரில் பொருத்தினேன். குளியலறைக் கதவிலும் காந்தக் கருவி வைத்தேன். ஒன்று தவறவிட்டால் மற்றது சொல்லும்.

2017 நவம்பர் 4 இரவுப் பெருமழை வெள்ளம் போல் மீண்டும் வந்தால் தரைக் கசிவுக் கருவி உதவும். ஆனால் மின்சாரம் நின்றால், செய்தி அனுப்பும் மையக்கருவியும் இணையப்பெட்டியும் ஊமையாகும். அவ்விரண்டுக்கும் மாற்று மின்கலம் வாங்கினோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவியும் கொடுத்திருக்கிறோம்.