மண்ணெண்ணெயும் ஒட்சிசன் உணரியும்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில், சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலேயே வாகனம் ஓட்டினார்கள். பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் எம் மக்களைச் சுமந்தன. ஆனால் மரக்கறி ஏற்றவென்று சில குடும்பங்கள் கூட்டாக வாங்கும் இன்றைய பெற்றோல் வானுக்கு அந்த வழி பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

அடுப்பு புகைந்தால் தாய் விறகை வெளியே இழுத்துக் காற்றுக்கு வழிவிடுவாள். புதிய வான்களில் இந்த வேலையைச் செய்வது ஒரு சிறு கணினி. புகையின் தன்மையை அதற்கு அறிவிப்பது, புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ள ஒட்சிசன் உணரி. 1976 இல் வொல்வோ கார்களில் இது முதன்முதலாக வந்தது.

உணரியின் உள்ளே சேர்க்கோனியா என்னும் பீங்கான் உண்டு. அதன் இருபுறமும் மெல்லிய பிளாற்றினப் பூச்சு. ஒருபுறம் புகை, மறுபுறம் வெளிக்காற்று. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியதும், இருபுறத்து ஒட்சிசன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். பெற்றோல் கூடினால் சுமார் 0.9 வோல்ற்று, குறைந்தால் சுமார் 0.1 வோல்ற்று. அதைக் கொண்டு கணினி, 1 கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவை ஒட்டி எரிபொருளை விடுகிறது.

உணரியைக் கெடுப்பவை எவை?

1. மண்ணெண்ணெய்க் கலப்பு. சரியாக எரியாத கரி உணரியை மூடிவிடும்.
2. எஞ்சின் ஒயில் எரிதல். நீலப் புகை இதன் அடையாளம்.
3. காஸ்கற் பழுதாகி, றேடியேற்றர் திரவம் எஞ்சினுக்குள் கசிதல்.
4. பொருத்தமற்ற சிலிக்கோன் பசையின் ஆவி.
5. ஈயம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை 2002 இல் நிறுத்தப்பட்டது.

உணரி கெட்டால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், பெற்றோல் செலவு கூடும், கரும்புகை வரும். நாளடைவில் புகையைச் சுத்திகரிக்கும் விலைகூடிய பாகமும் பழுதாகும். மலிவான கலப்பில் மிச்சம் பிடித்த பணம் இப்படியே கரைந்துவிடும்.

புதிய உணரி வாங்குமுன், பழையது ஏன் கெட்டது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஒயில் எரிவதை நிறுத்தாமல் உணரியை மட்டும் மாற்றினால் அதுவும் கெட்டுவிடும்.

குழுவாகச் சிந்திக்க: நமது வானுக்கு எங்கே பெற்றோல் அடிக்கிறோம்? ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று எழுதி வைப்பவர் யார்?