ஒருவர் ஓடுவதா? ஆறு பேர் நடப்பதா?
தொலைபேசிக் கருவிகளில் கூட்டு பிராசஸர்கள்



ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்குத் தொலைபேசி ஆடம்பரப் பொருள் அல்ல. பெற்றவர்களுக்கும் நமக்கும் நடுவே உள்ள பாலம். அந்த நாளில் தொலைதூரக் கால் பேசியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். "அம்மா, சௌக்கியமா?" என்று கேட்டால், அம்மாவின் பதிலுக்கு முன்னால் நம் குரலே "சௌக்கியமா?" என்று திரும்பி வந்து காதில் விழும். இன்று அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைத்தவை, கையகல கார்டுகளில் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கும் சிறிய பிராசஸர்கள்.

ஒரே ஒரு வேகமான பிராசஸரை வைக்காமல் ஏன் பலவற்றை வைத்தார்கள்? இதுவே இன்றைய பாடம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் பக்கத்தில் உட்காரட்டும்.

குரல் எண்ணாகும் விதம்

ரயில்வேக்காரருக்குச் சிக்னல் என்றால் கைகாட்டி. தொலைபேசிக்காரருக்கோ, நம் குரலுக்கேற்பக் கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தமே சிக்னல். அதை வினாடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். அதாவது 125 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை. ஒவ்வோர் அளவும் 8 பிட் கொண்ட எண்ணாகிறது. ஆகவே ஒரு குரலுக்கு வினாடிக்கு 64,000 பிட்.

எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே ஒரே இணைப்பில் 30 குரல்கள் செல்ல வேண்டும். 32 பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று 125 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை புறப்படுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி, ரயிலின் தலை எது என்று காட்ட. 17-ஆவது பெட்டி, மணி அடிப்பது, இணைப்பைத் துண்டிப்பது போன்ற செய்திகளுக்கு. மீதி 30 பெட்டிகளிலும் குரல்கள். மொத்தம் வினாடிக்கு 20,48,000 பிட். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதுதான் முறை.

எதிரொலி எங்கே பிறக்கிறது?

வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டே கம்பிகள். போகும் குரலும் வரும் குரலும் அவற்றிலேயே. தொலைதூரப் பாதையில் மட்டும் போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி. இரண்டும் நான்கும் சந்திக்கும் இடத்தில், வந்த குரலில் ஒரு பகுதி கசிந்து, பேசியவருக்கே திரும்பிவிடுகிறது. அதுதான் எதிரொலி.

உள்ளூர் காலில் அது உடனே திரும்பிவிடுவதால் காதுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் வழி என்றால் நிலைமை வேறு. கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். ரேடியோ அலையின் வேகம் வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். எனவே ஒரு வழிக்குக் கால் வினாடி, எதிரொலி திரும்ப அரை வினாடி. இப்படி இருந்தால் எவராலும் நிம்மதியாகப் பேச முடியாது.

விரட்டும் கணக்கு

கசிவு நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிராசஸர் காவல் இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்த குரலில் கடைசி 128 மில்லி வினாடியை நினைவில் வைத்துக்கொள்கிறது. மில்லி வினாடிக்கு 8 அளவு. ஆக 1,024 எண்கள். ஒவ்வொன்றையும் அதற்குரிய ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால், எதிரொலி எப்படி இருக்கும் என்ற மதிப்பீடு கிடைக்கிறது. திரும்பிப் போகும் சிக்னலிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. கழித்த பிறகும் மிச்சம் இருந்தால், 1,024 எடைகளையும் சிறிது திருத்துகிறது. 1960-இல் பெர்னார்ட் விட்ரோவும் டெட் ஹாஃபும் கண்ட முறை இது. அதே ஹாஃப்தான் பின்னாளில் இன்டெல் 4004 நுண்செயலி உருவாகக் காரணமானவர்களில் ஒருவர்.

இப்போது கணக்கு. ஒவ்வோர் அளவுக்கும் பெருக்கிக் கூட்டுவதில் 1,024 படி, திருத்துவதில் 1,024 படி, மொத்தம் 2,048. இதை 8,000-ஆல் பெருக்கினால் வினாடிக்கு சுமார் 1 கோடியே 64 லட்சம் படி. இது ஒரு லைனுக்கு மட்டும். 30 லைன்களுக்கு 49 கோடிக்கு மேல்! 1980களின் தொடக்கத்தில் வந்த டி.எம்.எஸ்.32010 சில்லு வினாடிக்கு 50 லட்சம் கட்டளைகளையே செய்தது. ஒரு லைனின் 128 மில்லி வினாடிக்குக்கூட அது போதாது.

ஆறு பேர் நடப்பதன் லாபம்

வினாடிக்கு 10 கோடி படி செய்யும் பிராசஸர் ஒன்றிடம் 5 லைன்களைக் கொடுத்தால் 8 கோடி 20 லட்சம் படி செலவாகும். மீதி மற்ற சில்லறை வேலைகளுக்கு. 30 லைன்களுக்கு ஆறு பிராசஸர்கள் போதும்.

ஆறு மடங்கு வேகமுள்ள ஒன்றையே வைத்தால் என்ன? தடை சூடு. சில்லுக்குள் சுவிட்சுகள் மாறும்போது ஏற்படும் சூடு, வேகத்தோடும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் பெருகும். நிதானமாக ஓடினால் குறைந்த வோல்ட்டேஜே போதும். 3.3 வோல்ட்டை 1.8 ஆக்க முடிந்தால், அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சூடு. சூடு குறைந்தால் விசிறி வேண்டாம்; கார்டுகளை நெருக்கி அடுக்கலாம்; பெட்டி சிறிதாகும்.

நம் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிர்சாதனம் இல்லாமலே இயங்கும் 128 போர்ட் கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. ஏ.சி. கேட்கும் கருவியாக இருந்திருந்தால் பல கிராமங்களுக்கு அது போயே இருக்காது.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரே பிராசஸர் நின்றால் 30 லைன்களும் போச்சு. ஆறில் ஒன்று நின்றால் 5 லைன்கள்தான். ஏழாவதாக ஒன்றை உபரியாக வைத்தால் அந்த ஐந்தையும் காப்பாற்றலாம்.

எங்கே பிரிப்பது?

ஆட்களைக் கூட்டினால் மட்டும் வேலை முடியாது. பிராசஸர்கள் எல்லாம் ஒரே மெமரியைப் பங்கிட்டால், அது ஒற்றைப் பாதை ரயில் பிரிவு மாதிரி. டோக்கன் கையில் உள்ள வண்டி மட்டும் போகும். மற்றவை காத்து நிற்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி கொடுத்து, ரயிலில் தனக்குரிய 5 பெட்டிகளை மட்டும் அது எடுக்கும்படி அமைக்கிறார்கள். ஒரு லைனின் எதிரொலிக்கும் அடுத்த லைனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே வெட்டுவதற்குச் சரியான இடம் அதுதான்.

எல்லா வேலையும் இப்படி அமையாது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்கவே முடியாது என்றால், எத்தனை பிராசஸர் சேர்த்தாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. 1967-இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த விதி இது.

பிறகு பல பிராசஸர்கள் ஒரே சில்லுக்குள்ளும் குடியேறின. 1994-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட டி.எம்.எஸ்.320 சி80 சில்லில் நான்கு சிக்னல் பிராசஸர்களும், அவற்றை நடத்தும் ஒரு தலைமைப் பிராசஸரும் இருந்தன. இன்று நம் சட்டைப் பையில் உள்ள செல்பேசியிலும் பல பிராசஸர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. பேட்டரி ஒரு நாள் தாங்குவதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம்.

பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகள் இதை மனதில் வைக்கட்டும்: எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், வேலையை எங்கே வெட்டினால் ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டாம் என்று கேட்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு: 128-க்குப் பதில் 64 மில்லி வினாடி எதிரொலி போதும் என்றால், அதே பிராசஸர் எத்தனை லைன்களைப் பார்க்கும்? 30 லைன்களுக்கு எத்தனை பிராசஸர் வேண்டும்? (விடை: 10 லைன்கள், 3 பிராசஸர்கள். எப்படி வந்தது என்று பிள்ளைகள் போட்டுக் காட்டட்டும்.)