இசைத்தட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே ஒரு படி

அண்மைக் காலமாக நம் கொல்கத்தாத் தமிழன்பர்கள் சிலர் என்னிடம் ஒரே குறையைச் சொல்லி வருகிறார்கள். புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கினார்கள்; வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் முன்பே இருக்கின்றன; இரண்டையும் இணைத்துத் தட்டைச் சுழல விட்டால், பாட்டு கொசு ரீங்காரம் போல மெலிந்து கேட்கிறது. ஒலியைக் கூட்டினால் பாட்டைவிட 'உம்ம்' என்ற இரைச்சல்தான் கூடுகிறது. "பிளேயர் மோசமா? ஆம்ப்ளிஃபயர் பழுதா?" என்பது அவர்கள் கேள்வி. பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. இடையில் இருக்க வேண்டிய ஒரு படிதான் விட்டுப்போயிருக்கிறது.

நான் ஒலிப்பொறியாளன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக இசைத்தட்டுக் கேட்டு, கருவிகளைப் பிரித்து, பூட்டிப் பழகியவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

ஊசி தரும் மின்சாரம்

தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது அதன் மறுமுனையில் இருக்கும் மிகச் சிறிய காந்தம் ஆடுகிறது. அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இன்று பரவலாகக் கிடைக்கும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆனால் சி.டி. பிளேயர் தருவதோ ஏறத்தாழ 2 வோல்ட். அதாவது 5 மில்லிவோல்ட்டைப் போல 400 மடங்கு. ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்', 'சி.டி.', 'டேப்' வாசல்கள் எல்லாம் இத்தகைய பெரிய மின்சாரத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அங்கே ஊசியின் மின்சாரத்தை நேராகக் கொடுப்பது, சந்தைக்கடையில் ஒருவர் காதோடு ரகசியம் பேசுவதற்கு ஒப்பாகும்.

"அந்தக் காலத்தில் எச்.எம்.வி. பிளேயரை ரேடியோவின் பின்னால் செருகியதும் பாடியதே!" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பிளேயர்களில் இருந்தது கிரிஸ்டல் அல்லது சிராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரவல்லது, இடைப்படி தேவையில்லை. ஆனால் ஊசி தட்டை அழுத்தும் எடை அதில் அதிகம்.

வேண்டுமென்றே வளைத்த ஒலி

மின்சாரம் சிறியது என்பது பாதிக் கதைதான். தட்டில் பதியும்போதே ஒலியின் உருவத்தை மாற்றிவிடுகிறார்கள். தாழ்ந்த ஒலிகளை அப்படியே பதித்தால் பள்ளம் மிகவும் அகலமாக அலையும். ஒரு பக்கத்தில் சில பாட்டுகளே கொள்ளும். ஆகவே அவற்றைக் குறைத்துப் பதிக்கிறார்கள். உயர்ந்த ஒலிகளையோ கூட்டிப் பதிக்கிறார்கள். கேட்கும்போது அவற்றை மீண்டும் குறைத்தால், தட்டின் உராய்வுச் சத்தமும் சேர்ந்தே குறையும் அல்லவா?

கேட்கும்போது இதை நேர்மாறாகத் திருப்ப வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏழு மடங்கு கூட்ட வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இந்த அளவுகளை அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலாளர் அல்ல, தொழில் நடத்துவோரின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1954இல் வகுத்தது, பின்னர் உலகெங்கும் அதுவே முறையாயிற்று. இந்தத் திருத்தம் இல்லாவிட்டால், மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். ஜால்ரா மட்டும் காதைக் குத்தும்.

சிறிய மின்சாரத்தைச் சுமார் நூறு மடங்கு பெருக்குவது, வளைத்ததை நிமிர்த்துவது ஆகிய இரண்டையும் செய்யும் படிக்குத்தான் 'ஃபோனோ பிரீஆம்ப்' என்று பெயர்.

ஒன்று வேண்டும், ஒன்றே போதும்

இந்தப் படி மூன்று இடங்களில் இருக்கலாம்.

1. ஆம்ப்ளிஃபயருக்குள். பின்பக்கம் 'ஃபோனோ' என்று ஆங்கிலத்தில் எழுதிய வாசலும், அருகே ஒரு எர்த் திருகும் இருக்கும். சி.டி. வந்த பிறகு செய்த பல ஆம்ப்ளிஃபயர்களில் இந்த வாசலை எடுத்துவிட்டார்கள்.

2. பிளேயருக்குள். புதிய பிளேயர்கள் பலவற்றின் பின்புறம் 'ஃபோனோ – லைன்' என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். 'லைன்' என்று வைத்தால் உள்ளிருக்கும் படி வேலை செய்யும். 'ஃபோனோ' என்று வைத்தால் அது விலகிக்கொள்ளும்.

3. தனிப் பெட்டியாக. மேற்சொன்ன இரண்டு இடத்திலும் இல்லையென்றால் இதை வாங்கி நடுவில் வைக்க வேண்டும். காந்த வகைக்கு 47 கிலோ ஓம் என்று குறித்த பெட்டி ஏற்றது. 'மூவிங் காயில்' வகைக் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டும் தருவதில்லை. அவற்றுக்கு அதற்கான வசதி உள்ள பெட்டி வேண்டும்.

விதி இதுதான்: பிளேயர் சுவிட்ச் 'லைன்' என்றால் ஆம்ப்ளிஃபயரில் 'ஆக்ஸ்'. சுவிட்ச் 'ஃபோனோ' என்றால் ஆம்ப்ளிஃபயரிலும் 'ஃபோனோ'. ஒரு படியும் இல்லையேல் கொசு ரீங்காரம். இரண்டு படி சேர்ந்தால் காது கிழியும் கரகரப்பு.

லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் நண்பர் ஒருவர், பாட்டு மெலிந்து கேட்கிறதென்று தம் ஆம்ப்ளிஃபயரையே விற்றுவிட்டுப் புதிது வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது கம்பி 'ஆக்ஸ்' வாசலில் இருந்தது. சுவிட்ச் 'ஃபோனோ' பக்கம் இருந்தது. சுவிட்சைத் தள்ளியதும் வீடு நிறையப் பாட்டுக் கேட்டது. பணம் வங்கிக்கே திரும்பியது.

எர்த் கம்பி

பிளேயரிலிருந்து சிவப்பு, வெள்ளைச் செருகிகளோடு மெல்லிய தனிக் கம்பி ஒன்று வந்தால், அதை ஆம்ப்ளிஃபயரின் அல்லது ஃபோனோ பெட்டியின் எர்த் திருகில் பூட்டுங்கள். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அடக்குவது பெரும்பாலும் இதுதான். பூட்டும்போது ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிடுங்கள். சுவரிலுள்ள மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் துண்டிக்கக் கூடாது. அது உயிர் காப்பது.

ஊசியின் எடை

இனிச் சொல்வதுதான் மிக முக்கியம். இணைப்புத் தவறானால் திருத்திக்கொள்ளலாம். தேய்ந்த பள்ளத்தைத் திருத்த முடியாது. நம்மில் பலர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ சேர்த்த தட்டுகள் பரண்மேல் இருக்கின்றன. நம் தமிழ்ப் பாட்டுத் தட்டுகளில் ஏராளமானவை இந்நகரத்து டம்டம் ஆலையில் அச்சானவை. சிலவற்றுக்கு இன்று மறுபிரதி கிடைக்காது.

எடையை இப்படி அமைக்கலாம். ஊசியின் மூடியைக் கழற்றி, 'ஆன்டி ஸ்கேட்' குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். கையின் பின்னாலுள்ள எடைக்கட்டியைத் திருகி, கை தராசு முள் போலச் சமமாக மிதக்கும்படி செய்யுங்கள். கட்டியை அசைக்காமல் அதன் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு கட்டியையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜ் செய்தவர் குறித்த எடையில் நிறுத்துங்கள். பலவற்றுக்கு அது ஒன்றரை முதல் இரண்டு கிராம். சிலவற்றுக்கு மூன்றுக்கு மேலும் உண்டு. ஆன்டி ஸ்கேட் குமிழையும் அதே எண்ணில் வையுங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று எண்ண வேண்டாம். குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, சுவர்களைச் சிதைக்கும்.

பழைய 78 தட்டுகள்

78 வேகத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள முனை வேண்டும், எல்.பி. ஊசியின் முனை ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. எனவே வேகம் இருந்தால் மட்டும் போதாது. தனி ஊசியும் வேண்டும். மேலும் அத்தட்டுகள் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும்.

கோளாறும் காரணமும்

ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கிறதா? செருகிகளையும் கார்ட்ரிட்ஜின் பின்னுள்ள நான்கு சிறு கம்பிகளையும் பாருங்கள். ஊசி தாவுகிறதா? எடையையும், மேசை சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒலியைக் கூட்டும்போது ஊளையிடுகிறதா? ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருக்கும், பிரித்து வையுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் முதல் நாளே அப்பாவின் தட்டை எடுக்க வேண்டாம். ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய தட்டு ஒன்று வாங்கி, ஒரு வாரம் அதில் பழகுங்கள். கை பழகி, காது நம்பிய பிறகு பரணில் இருக்கும் பெட்டியைத் திறக்கலாம்.